சுவரில்லாத அறைகள்

சென்ற மார்கழிப் பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் வரும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. 14 கிலோமீட்டர் சுற்றுப் பாதையில், மலைக்கு மேற்கேயுள்ள அடி அண்ணாமலையை நாம் அடைந்தபோது பொழுது விடியவில்லை, பனி கொட்டிக்கொண்டிருந்தது. அடி அண்ணாமலையார் கோயிலுக்கு எதிரே பெருங்கூட்டம் நின்றது. அதைச் சுற்றி வேலியில்லை, கயிறில்லை, காவலில்லை. ஒருவர் கற்பூரம் ஏற்றிவிட்டு நகர்ந்தால் வேறிருவர் வந்து சேர்ந்தனர். கால்மணி நேரத்தில் முகங்கள் யாவும் மாறிவிட்டன. கூட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அருகிலிருந்த திண்ணையில் எழுபது பிராயமுள்ள பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கை நடுக்கத்தால் டம்ளரிலிருந்த காப்பியில் பாதி தரையில் சிந்திற்று. அவருடைய குமாரர் நாம் பத்திரிகைக்காரரென்று அறிந்து, "ஐயா, அப்பாவுக்குப் பார்க்கின்ஸன் வியாதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இது ஏன் வருகிறதென்று தங்கள் பத்திரிகையில் ஒரு நாள் எழுதக்கூடாதா?" என்று கேட்டார். எழுதுவதாக வாக்களித்தோம். நாம் வக்கீலேயன்றி வைத்தியரல்லோம். ஆயினும் விஷயத்தை விசாரிக்கப் புகுந்ததில், கோயில் முன் கண்ட கூட்டத்துக்கும் பெரியவரின் கை நடுக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று தெரிந்துகொண்டோம்.

நமது சரீரம் எண்ணற்ற உயிரணுக்களாலானது. ஒவ்வோர் உயிரணுவையும் பல அறைகளுள்ள வீடு போலவே பாடப் புத்தகங்கள் வர்ணித்து வந்தன. மெல்லிய சவ்வுகள் சுவர்களாக நின்று அறைகளைப் பிரிக்கின்றன என்பது சித்தாந்தம். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. சுவரே இல்லாத அறைகளும் அவ்வீட்டில் உண்டு. உயிரணுவின் உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் என்ற உருண்டை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்ணில் பட்டது. அதைச் சுற்றிச் சவ்வு கிடையாது. சவ்வில்லாமல் அது எவ்வாறு கலையாமல் நிற்கிறது? உயிரணுவின் சரக்கு பல திரவத் துளிகள் மிதக்கும் கலவை போலிருப்பதாக அமெரிக்கப் பேராசிரியர் வில்ஸன் 1899லேயே எழுதினார். அந்த அபிப்பிராயம் நூறாண்டுக்கு மேல் தூங்கிக் கிடந்தது.

2008ம் வருஷத்துக் கோடையில் அமெரிக்காவில் வுட்ஸ் ஹோல் என்னும் கடற்கரை ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அது விழித்தெழுந்தது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தைச் சேர்ந்த அந்தோணி ஹைமனும் கிளிபர்ட் பிராங்வினும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவொன்றின் கருவை ஆராய்ந்தார்கள். அதிலுள்ள 'பி' மணிகள் கெட்டியான உருண்டைகளென்றே எல்லோரும் நினைத்திருந்தனர். அவையோ ஒன்றையொன்று தொட்டதும் இரண்டும் ஒன்றாயின, அழுத்தினால் வழிந்தோடின, சொட்டின. மணிகளின் ஒரு பகுதியில் ஒளிர்வை அழித்துப் பார்த்தபோது, சில விநாடிகளில் ஒளி திரும்பி வந்தது. அதாவது உள்ளிருந்தவை நகர்ந்து இடம் மாறிக்கொண்டன. அவை திரவத் துளிகளே என்ற தீர்ப்பு 2009ல் வெளியாயிற்று. அடி அண்ணாமலைக் கூட்டமும் இத்தகையதே. உறுப்பினர் மாறினாலும் உருவம் மாறுவதில்லை. இவ்விருவருக்கும் 2023ம் ஆண்டின் 'பிரேக்த்ரூ' பரிசு கிடைத்தது.

துளிகள் ஏன் உண்டாகின்றன? எண்ணெயும் நீரும் பிரிந்து நிற்பதை நம் வீட்டு விளக்கிலேயே காண்கிறோம். தம்மினத்தோடு சேர்ந்திருப்பதில் நாட்டம் மிகுந்த பொருள், தன் அளவு ஓர் எல்லையைக் கடந்ததும், திரண்டு தனித் துளியாகிறது. உயிரணுவில் இவ்வாறு திரள்பவை புரதங்களும் ஆர். என். ஏ. என்னும் பொருளுமாகும்.

புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கக்கூடும் என்பதைச் சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. என். ராமச்சந்திரன், சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகிய மூவரும் 1963ல் ஒரு படமாக வரைந்து உலகுக்களித்தனர். இன்றும் உலகமெங்கும் புரதத்தின் உருவத்தை ஆராய்கிறவர்கள் அப்படத்தைக் கொண்டு தம் வேலையைச் சரி பார்க்கிறார்கள். ஆனால் திட்டமான மடிப்பே இல்லாமல், அவிழ்ந்த நூல் போல அலையும் பகுதிகளும் பல புரதங்களில் உண்டு. அப்பகுதிகள் ஒன்றையொன்று இலேசாகப் பற்றியும் விட்டும் வருவதனாலேயே பல துளிகள் உருவாகின்றன. இறுகப் பிடித்தால் அது கட்டி, பிடிக்காவிட்டால் வெறுங்கரைசல், பிடித்தும் விட்டும் இருப்பதே துளி.

இத்துளிகளால் என்ன பயன்? ஒரு காரியத்துக்கு வேண்டிய பொருள்களை ஓரிடத்தில் சேர்த்து வேலையை விரைவுபடுத்தலாம். வேண்டாதவற்றை ஒதுக்கி வைக்கலாம். வேலை முடிந்ததும் கலைந்தும் போகலாம். உஷ்ணம் முதலிய துன்பம் நேரும்போது உயிரணுவில் இவ்விதத் துளிகள் திடீரென்று கூடுகின்றன. துன்பம் நீங்கியதும் மறைகின்றன. சுவர் கட்டினால் இத்தனை சுலபமாகக் கூடவும் கலையவும் முடியுமா?

நிற்க. அடி அண்ணாமலையில் மற்றொன்றும் கண்டோம். அகல் விளக்கு விற்ற அம்மாளின் நெய்க் கிண்ணம் பனியில் உறைந்துபோயிருந்தது. உருகிய நெய் திரியில் ஏறும். உறைந்த நெய் ஏறுமா? உயிரணுத் துளிகளுக்கும் இந்த அபாயம் உண்டு. எப். யு. எஸ். என்ற புரதத்தின் துளிகள் நாளாக ஆக இறுகி நார்களாவதையும், நரம்பு நோயொன்றுக்குக் காரணமான மரபு மாற்றம் அவ்விறுகலைத் துரிதப்படுத்துவதையும் டிரெஸ்டன் ஆராய்ச்சியாளர் 2015ல் காட்டினர். பார்க்கின்ஸன் நோயாளிகளின் மூளையில் ஆல்பா ஸைனூக்ளின் என்ற புரதம் கட்டி தட்டிக் கிடப்பது முன்பே தெரிந்த விஷயம். அப்புரதம் முதலில் திரவத் துளியாகத் திரண்டு, பிறகு இறுகி, நாராகிறதென்பதை 2020ல் எடுத்துக் காட்டியவர்கள் நம் நாட்டவரே, பம்பாய் ஐ. ஐ. டி.யில் ஸமீர் மாஜியின் ஆராய்ச்சிக் குழுவினர். இச்செய்தியை எத்தனை தமிழர் அறிவர்?

இறுகாமல் காப்பது எது? இங்கேதான் நம் ராஜதானியின் பழங்கதை ஒன்று வந்து சேருகிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ் பீமவரத்தில் 1895ல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அவர் கதரிலேயே அறுவைச் சிகிச்சை உடை அணிந்தார்; அது ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு இலக்காகி, முழுப் பட்டத்துக்குப் பதில் அதற்குக் குறைந்த பட்டமே அவருக்குக் கிடைத்தது. அமெரிக்கா சென்ற அவர், ஹார்வர்டில் பிஸ்கேயுடன் சேர்ந்து 1929ல் ஏ. டி. பி. என்ற பொருளைத் தசையினின்று பிரித்தறிந்தார். ஜெர்மனியில் லோமானும் அவ்வாண்டே தனியாக அதைக் கண்டார். உயிரணுவின் சக்தி நாணயம் அதுவே என்பது பின்னர் விளங்கிற்று. ஆனால் ஒரு புதிர் நின்றது. வேலைக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு ஏ. டி. பி.யை உயிரணு ஏன் வைத்திருக்கிறது? 2017ல் டிரெஸ்டனிலிருந்து ஒரு விடை வந்தது. சீயக்காய் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போல, அத்தனை செறிவிலுள்ள ஏ. டி. பி. புரதத் துளிகளைக் கரைக்கிறது. அவை கட்டி தட்டாமலும் தடுக்கிறது. சோதனைக் குழாயில் இது தெளிவு. முதுமையில் சக்தி குன்றும்போது கட்டிகள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாமென்று கருதப்படுகிறது.

வக்கீல் என்ற முறையில் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சோதனைக் குழாயில் கண்டது ஒரு சாட்சி. உயிருள்ள மூளையில் காண்பது வேறு சாட்சி. முன்னதை மட்டும் கொண்டு தீர்ப்பெழுதலாகாது என்று வாதிக்கும் விஞ்ஞானிகளும் உளர்; அவர்கள் வாதத்தில் நியாயமிருக்கிறது. துளி இறுகுவதைத் தடுத்துப் பார்க்கின்ஸனைக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. இருப்பதாக யாரேனும் விற்க வந்தால் அவரை நம்ப வேண்டாம்; டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

பெரியவரின் குமாரருக்கு நாம் சொல்லக்கூடிய விடை இவ்வளவே. குணமளிக்கும் விடையன்று, ஆனால் இருட்டில் கதவு எந்தப் பக்கம் இருக்கிறதென்று காட்டும் விடை. இதை அறிய உதவியவர்கள் புழுவின் கருவையும், தசையின் ரஸத்தையும், புரதத்தின் கோணத்தையும், லாபம் என்னவென்று கேளாமல் ஆராய்ந்தவர்கள். அத்தகைய ஆராய்ச்சிக்கு நமது சர்வகலாசாலைகளில் பொருளும் பொறுமையும் வேண்டும். அதன் முடிவுகள் அடி அண்ணாமலைத் திண்ணை வரையில் தமிழில் வந்து சேரவும் வேண்டும். கதருடுத்திய ஒரு மாணவனுக்கு முழுப் பட்டம் மறுத்தது அன்னியக் கல்வி முறை. அவனைப் போன்றவர்களை இன்று நாமே அசட்டை செய்தால், அந்தப் பழியை யார் மேல் சுமத்துவது?