கடிதத்தில் எழுதாதவை

ஊரில் ஒருவரைப் பற்றி, “அவருக்கென்ன, கனடாவுக்குப் போய்விட்டார்” என்று சொல்லும்போது, அந்த ஒரு வசனத்தோடு அவருடைய கதை முடிந்துவிட்டதாகவே கேட்போர் எண்ணிக்கொள்வர். உண்மையில் கதை அங்கேதான் தொடங்குகின்றது. விமானத்தினின்றும் இறங்கிய நாளுக்கும், ‘வீட்டுக்குப் போவோம்’ என்று ஒருவன் தன்னையறியாமற் சொல்லும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி எவரும் கடிதத்தில் எழுதுவதில்லை. எழுதினால் தாயார் கலங்குவார் என்ற அச்சம் ஒரு காரணம். மானம் மற்றொரு காரணம். நானும் எழுதவில்லை. 1991ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் ரொறன்ரோ நகரில் வந்திறங்கியவன் நான். அன்று எழுதாது விட்டவற்றுட் சிலவற்றை இங்கே எழுதத் துணிகின்றேன். இப்போது புறப்பட ஆயத்தஞ் செய்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்கு அவை பயன்படக்கூடும்.

நம்மவர் கனடாவிற் பெருந்தொகையாகக் குடியேறியது 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னரே. அதற்கு முன்னர் சென்றோர் பெரும்பாலும் படித்து உத்தியோகம் பார்க்கச் சென்ற சிலரே. குடியேற விரும்புவோரின் கல்வி, தொழில், மொழியறிவு ஆகியவற்றுக்குப் புள்ளிகள் இட்டுத் தெரிந்தெடுக்கும் முறையை அந்நாட்டு அரசாங்கம் 1967இல் ஏற்படுத்தியமையே அன்னாருக்கும் வழிதிறந்தது. 1986 ஆவணியில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்த செய்தியைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புள்ளிகள் பெற்று வந்தவரும் படகில் வந்தவரும் பின்னர் ஒரே தெருவில் அயலவராகக் குடியிருந்தனர்.

அந்தத் தெரு பெரும்பாலும் ஸ்காபரோவில் இருந்தது. இன்று ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோ, 1998 வரையில் தனி நகரமாக விளங்கியது. அங்கே எங்களுக்குக் கிடைத்த முதல் வாசஸ்தலம் ஒரு வீட்டின் நிலவறை. ‘பேஸ்மென்ற்’ என்று நம்மவர் யாவரும் சொல்வர். சுவரின் உச்சியில், நில மட்டத்தில், ஒரு சிறு சாளரம் இருக்கும். அதனூடாகப் பார்த்தால் தெருவிற் போவோரின் சப்பாத்துகள் மாத்திரம் தெரியும். பனி கொட்டிய மறுநாள் அதுவும் தெரியாது. மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். எங்கள் மகன், வயது ஐந்து, “இங்க சூரியன் வாறேல்லையோ?” என்று கேட்டான்.

அந்த வீட்டில் முதன்முதலாக மனைவி செத்தல் மிளகாயை எண்ணெயிலிட்ட அன்று, கூரையிலிருந்த புகை அறிவிக்குங் கருவி ஊரே கேட்கும்படி அலறிற்று. பிள்ளைகள் கட்டிலின் கீழ் ஒளிந்துகொண்டனர். அலறல் என்றால் ஒளிய வேண்டும் என்பதுதான் அவர்கள் ஊரிற் படித்துவந்த பாடம். மேலே குடியிருந்த வீட்டுக்காரர், அவரும் நம்மூரவர்தாம், ஓடிவந்து ஒரு துவாயை எடுத்து அக்கருவியின் கீழ் விசுக்கி அதை அடக்கினார். “குளிரங்கியளைக் குசினிக்குப் பக்கத்தில கொழுவாதேங்கோ, தங்கச்சி. பஸ்ஸிலை எல்லாரும் திரும்பிப் பாப்பினம்” என்றும் புத்தி சொன்னார். எந்த அரசாங்கக் கைந்நூலிலும் இல்லாத அறிவுரை அது.

குளிரைப் பற்றிப் பலரும் பயமுறுத்துவர். ரொறன்ரோவில் தை, மாசி மாதங்களிற் சில இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 20 பாகை வரையிற் செல்லும். மேற்கேயுள்ள வினிப்பெக் நகரத்தார் அதைக் கேட்டுச் சிரிப்பர். ஆயினும் குளிர் ஒருவனை வெல்வதில்லை. தகுந்த உடையும், நழுவாத சப்பாத்தும், காதை மூடும் தொப்பியும் இருந்தாற் போதும். முதலாண்டு விலையுயர்ந்ததை வாங்காமல், நல்ல நிலையிலுள்ள பழைய அங்கியை மலிவாக வாங்குதல் புத்தி. பிள்ளைகளைப் பாடசாலையில் இடைவேளைக்குப் பனியிலும் வெளியே விடுவார்கள். ஆதலால் அவர்களுக்குப் பனிக் காற்சட்டை இன்றியமையாதது. தெருவைக் கடக்கையில் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். அங்கு வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்லும். நாற்பது ஆண்டு வழக்கத்தைக் கழுத்து எளிதில் மறப்பதில்லை.

குளிரினும் பார்க்கக் கடினமானது வேலை. கொழும்பில் ஒரு நிறுவனத்திற் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்காளனாக இருந்தவன் நான். அந்த முதற் குளிர்காலத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பினேன். இரண்டு இடங்களில் நேரிற் கண்டு பேசினார்கள், இருவரும் மிகுந்த மரியாதையோடு கேட்ட கேள்வி, “கனடாவில் வேலை செய்த அனுபவம் உண்டா?” என்பதே. வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று கேட்க என் ஆங்கிலம் அப்போது இடந்தரவில்லை. (இடந்தந்திருந்தாலும் கேட்டிருப்பேனோ என்பது ஐயமே.) இத்தகைய கேள்வி பாரபட்சத்துக்கு இடமளிப்பது என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இல் ஒரு கொள்கை வெளியிட்டது. எனக்கு அது இருபத்திரண்டு ஆண்டுகள் பிந்தி வந்த ஆறுதல்.

ஆகவே, இரவில் ஓர் உணவுச்சாலையிற் கோப்பை கழுவினேன். ஊருக்கு எழுதிய கடிதங்களில், “ஒரு கொம்பனியில் வேலை” என்று மட்டும் எழுதினேன். கோப்பை கழுவுவது இழிவன்று. இழிவென்று நான் எண்ணியதே குற்றம். அந்த எண்ணத்தால் அயலவரோடு பேசாமலும், கோயிலுக்குப் போகாமலும், எவரிடமும் யோசனை கேளாமலும் இரண்டு ஆண்டுகளை வீணாக்கினேன். மாலை வகுப்பொன்றிற் சேர்ந்து அந்நாட்டு வரிமுறையையும் கணக்கு முறையையும் படிக்கலாம் என்பதை, என்னோடு கோப்பை கழுவிய ஓர் இளைஞன் சொல்லியே அறிந்தேன். நான்காம் ஆண்டில் ஒரு காரியாலயத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கின்றேன். பிறப்பு, விவாகம், படிப்பு, தொழில் ஆகியவற்றுக்கான சான்றுகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு கையிற் கொண்டு செல்லுங்கள். சென்றதும் ஒன்பது இலக்கங்கொண்ட சமூகக் காப்புறுதி எண்ணையும் மாகாணச் சுகாதார அட்டையையும் பெற விண்ணப்பியுங்கள். வருமானம் இல்லாவிடினும் ஆண்டுதோறும் சித்திரை 30ஆந் திகதிக்கு முன்னர் வருமானவரிப் பத்திரத்தை நிரப்பி அனுப்புங்கள். பிள்ளைகளுக்குரிய உதவிப்பணம் அதைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. கடையில் எழுதியிருக்கும் விலையை நம்பி எண்ணிய காசோடு போகாதீர்கள். ஒன்ராறியோவிற் பெரும்பாலான பொருள்களுக்குப் பணங் கட்டும்போது நூற்றுக்கு 13 வரி சேரும். ஐந்து ஆண்டுகளுள் 730 நாட்கள் அந்நாட்டில் வாழ்ந்தால் நிரந்தர வதிவுரிமை நிலைக்கும். 1,095 நாட்கள் வாழ்ந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இவற்றை யாரும் சொல்லித் தருவர். சொல்லித் தராத ஒன்றுக்கு வருகின்றேன்.

பிள்ளைகள் மொழியைப் பெற்றோரினும் விரைவிற் கற்றுக்கொள்வர். ஓராண்டு முடியுமுன்னரே என் மகள் அயற்பிள்ளைகளைப் போல ஆங்கிலம் பேசினாள். நாங்கள் பெருமைப்பட்டோம். பெருமையோடு பெருமையாக, வீட்டு வேலைகளையும் அவள் தலையிற் சுமத்தினோம். வங்கியிலிருந்து வரும் கடிதத்தை வாசிப்பவள் அவள். தொலைபேசியிற் பேசுபவள் அவள். தம்பியின் ஆசிரியையைச் சந்திக்கும்போது நடுவில் நிற்பவளும் அவளே. அப்போது அவளுக்கு வயது பத்து.

1993ஆம் ஆண்டு வசந்த காலத்தில் என் மனைவிக்கு வயிற்றில் நோவு கண்டது. நான் இரவு வேலை முடிந்து பகலில் உறங்குபவன். ஆகவே மகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் தாயோடு வைத்தியரிடம் அனுப்பினேன். பரிசோதனைப் பெறுபேற்றை வைத்தியர் விளக்கினார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லின் பொருள் அவளுக்குத் தெரியும். பாடசாலையில் ஒரு சிநேகிதியின் பாட்டிக்கு அதே சொல் வழங்கப்பட்டதும், அந்தப் பாட்டி இறந்துபோனதும் தெரியும். தமிழிற்றான் அதற்குச் சொல் தெரியவில்லை. சிறிது நேரம் தாயின் முகத்தைப் பார்த்திருந்துவிட்டு, “அம்மா, உங்கட வயித்துக்குள்ள சின்னப் பந்து மாதிரி ஒண்டு இருக்காம். அதை எடுத்துப் பாக்க வேணுமாம்” என்றாள்.

அன்றிரவு நான் வேலைக்குப் புறப்பட்டபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். “அப்பா, பந்து எண்டு சொன்னது சரியோ?” என்று கேட்டாள். அதன் பின்னர்தான் அந்தப் பாட்டியின் கதையைச் சொன்னாள். அன்று முழுவதும் அதைத் தனியே சுமந்திருக்கின்றாள்.

கட்டி தீங்கற்றது. சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். அந்தச் செலவுக்கு எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. கனடாவைப் பற்றி நான் நன்றியோடு நினைப்பவற்றுள் அது முதன்மையானது. ஆனால் அந்தப் பிள்ளையின் ஒரு நாளை எவராலும் எங்களுக்குத் திருப்பித் தர இயலவில்லை. இன்று பல மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். கேட்க வெட்கப்படாதீர்கள். பிள்ளையை அந்த ஆசனத்தில் இருத்தாதீர்கள்.

புதிதாய் வந்தோருக்கு இலவசமாக ஆங்கிலங் கற்பிக்கும் திட்டமொன்றை மத்திய அரசாங்கம் 1992இல் தொடங்கியிருந்தது. “இந்த வயதில புத்தகமும் கையுமாகப் போறதோ?” என்று மறுத்துவந்த என் மனைவி, சத்திரசிகிச்சைக்குப் பின் தானாகவே பெயரைப் பதிந்தாள். வகுப்பில் ஒரு சீனப் பாட்டியும், சோமாலியாவிலிருந்து வந்த இரு சகோதரிகளும் அவளுக்குச் சிநேகிதராயினர். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது; பிழையான ஆங்கிலமே அவர்களுக்குப் பொதுமொழி. ஒருநாள் அந்தப் பாட்டி எங்கள் வீட்டுக்கு வந்து இடியப்பம் உண்டு, அதை எப்படிப் பிழிவது என்று கையாற் கேட்டதும், இவள் வாயாற் சொன்னதும் எனக்கு நன்கு நினைவிருக்கின்றது.

ஆறு மாதத்தின் பின் மீண்டும் வைத்தியரைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் வருகின்றேன் என்றேன், வேண்டாம் என்றாள். கேட்க வேண்டிய கேள்விகளை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஆங்கில ஒலியைத் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் தனியே போனாள். அவள் திரும்பி வரும்வரை எனக்கு உறக்கம் வரவில்லை.

சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவளிடம், “என்னவாம்?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லையாம். இனி ஒரு வருஷத்துக்குப் பிறகு வரட்டாம்.” அங்கியைக் கழற்றிக் குசினிக்குத் தூரமாகக் கொழுவினாள். “மகளைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ எண்டு கேட்டவர். அவளுக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடம் எண்டு சொன்னனான்.”