மைதானத்தில் எழும் சந்தேகத்தை யாரிடம் சொல்வது?

2021 மே மாதம், சென்னையின் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் கைதானார். பல ஆண்டுகளாகத் தன்னிடம் அத்துமீறினார் என்று 19 வயது வீராங்கனை ஒருவர் கொடுத்த புகாரே அதற்குத் தொடக்கம். கைது செய்தி வந்த பிறகே மற்ற வீராங்கனைகளும் புகார் கொடுக்க முன்வந்தார்கள். அணியில் யாருக்கு இடம், யாரைப் போட்டிக்கு அனுப்புவது என்பதெல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்கும்போது, பிள்ளைகள் வாய் திறப்பது அரிது. திறந்தாலும் அமைப்புக்குள்ளேயே பேச்சு அமுங்கிவிடுகிறது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் மருத்துவர் லாரி நாசரின் பாலியல் அத்துமீறலைப் பற்றி 1997-லேயே சிறுமிகள் தங்கள் பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அதை வெளியே கொண்டுபோகவில்லை. 2018-இல் நாசருக்குத் தண்டனை வழங்கப்பட்டபோது நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் பேசினார்கள்.

அதனால்தான், சந்தேகம் வந்தால் கிளப்புக்குள் பஞ்சாயத்து வைக்காமல் உடனே வெளியே சொல்ல வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19-ஆம் பிரிவு இதைத்தான் கட்டாயமாக்குகிறது. குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும் சரி, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் சரி, போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். நடந்த குற்றத்தைத் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. தெரிந்தும் தெரிவிக்காதிருப்பது கடுமையான குற்றம் என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

பொய்ப் புகாரால் நல்ல பயிற்சியாளரின் வாழ்க்கை கெடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தகவல் சொல்வது தீர்ப்புச் சொல்வதாகாது. உண்மையைக் கண்டறியும் பயிற்சி போலீசுக்கு உண்டு, கிளப் செயலாளருக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. வேண்டுமென்றே பொய் சொல்லும் பெரியவரைத் தண்டிக்கவும் செய்கிறது. பிள்ளையின் பெயர் கெடும் என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. அடையாளத்தை ஊடகம் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவுசெய்ய வேண்டும்.

சரி, எங்கே போய்ச் சொல்வது? சென்னையின் மேற்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. அங்குள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொன்னதை அதே சொற்களில் குறித்துவையுங்கள். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன், புகாரை யாரிடம் சொல்வது என்று பயிற்சி மையத்தைக் கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.