பல கைகள் பின்னும் ரேந்தை

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பற்றிய கைகளில் எது வலியது, எது மெலியது என்பதை எவரும் கணக்கிடுவதில்லை. தேர் நகர்ந்தால் போதும்; அத்தனை பேருக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் பலர் கூடி ஒரு ரேந்தைச் சால்வையைப் பின்னத் தொடங்கினால் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு கையும் தன் அடையாளத்தை நூலிலே பதித்துவிடுகின்றது. இறுக்கமாகப் பின்னும் கையும், தளர்வாகப் பின்னும் கையும், எண்ணிக்கை தவறிய கையும் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்த மாத்திரத்தில் வெளிப்பட்டுவிடும். ஆதலால் இவ்வகைக் கூட்டுவேலையின் வெற்றியும் தோல்வியும் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னரே, மாதிரியையும் நூலையும் தெரிந்தெடுக்கும் வேளையிலேயே, பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன.

ரேந்தை என்ற சொல் போர்த்துக்கேயர் வழியாக வந்தது. இலங்கையின் தென்கரையிலே, காலி, வெலிகம முதலிய இடங்களில், திண்டின் மேல் சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு நெய்யப்படும் ரேந்தையைப் பலர் கண்டிருப்பர். இங்கே விளக்கப்படுவது அதுவன்று. இரண்டு பின்னல் ஊசிகளைக் கொண்டு, கண்ணிக்குள் கண்ணியாக நூலை இழுத்து, இடையிடையே வேண்டுமென்றே துளைகளை விட்டுப் பின்னப்படும் ரேந்தையே இங்கு பொருள்.

இதன் அடிப்படை மிக எளிது. நூலை ஊசியின் மேல் ஒருமுறை சுற்றினால் ஒரு துளை உண்டாகும். அதனால் ஒரு கண்ணி கூடும். வேறோரிடத்தில் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் ஒரு கண்ணி குறையும். கூடியதும் குறைந்ததும் சமமாக இருக்கும் வரையில் துணியின் அகலம் மாறாது. ஒரு சுற்றைப் போட மறந்தால் அந்த வரிசையில் ஒரு கண்ணி குறைந்துவிடும். அடுத்த வரிசைகளில் கோலம் முழுவதும் விலகிச் செல்லும். ரேந்தைப் பின்னலில் அச்சத்தை உண்டாக்குவது விரல்களின் வேலையன்று, இந்தக் கணக்கே.

கூடிப் பின்ன முற்படுவோர் வழமையாகச் செய்யும் பிழை யாதெனில், தம்முள் மிகத் தேர்ந்தவரின் விருப்பப்படி மாதிரியைத் தெரிவு செய்வதாகும். படத்தில் காணும் அழகு எல்லோரையும் கவர்ந்துவிடுகின்றது. முதல் வாரம் உற்சாகமாகக் கழியும். இரண்டாம் வாரத்தில் ஒருத்தி தான் பின்னியதை மும்முறை அவிழ்த்திருப்பாள். மூன்றாம் வாரத்தில் வீட்டில் வேலை என்று சொல்லி வராமல் நின்றுவிடுவாள். அவள் பங்கு நூல் ஒரு பைக்குள் கிடக்கும்; அந்தப் பங்கு இல்லாமல் மற்றவர்களின் வேலையும் முற்றுப்பெறாது. இழப்பு நூலின் விலை மட்டுமன்று. தனக்குக் கைவேலை வராது என்ற எண்ணம் ஒரு பெண்ணின் மனத்தில் வேரூன்றிவிடுகின்றது. அதுவே பெரிய இழப்பு.

இதைத் தவிர்க்கும் வழியை ஷெத்லாந்துத் தீவுகளின் பின்னல் மரபிலே காணலாம். ஸ்கொத்லாந்துக்கு வடக்கே, மரங்கள் அரிதாகவும் காற்று ஓயாமலும் உள்ள இத்தீவுகள் நுண்ணிய கம்பளிக்குப் பெயர்பெற்றவை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து இங்குள்ள பெண்கள் சிலந்திவலை போன்ற மெல்லிய ரேந்தைச் சால்வைகளைப் பின்னி விற்று வந்தனர். வடகோடித் தீவாகிய அன்ஸ்ற் இவ்வேலையில் தலைசிறந்தது. மணமகளின் மோதிரத்துக்குள்ளால் முழுச் சால்வையையும் இழுத்துவிடலாம் என்ற புகழ் இதனாலேயே ஏற்பட்டது. அப்பெருஞ் சால்வைகளும் ஒரு கையால் மட்டும் ஆனவையல்ல. நூற்பவர் ஒருவர், பின்னுபவர் வேறொருவர், கழுவிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்திப் பதப்படுத்துபவர் இன்னொருவர் என வேலை பகிரப்படுவதுண்டு.

ஆனால் கூட்டுவேலைக்கு வழிகாட்டுவது அந்த மோதிரச் சால்வை அன்று. அதே தீவுகளில் நாள்தோறும் உடுத்தப்பட்ட ‘ஹாப்’ என்னும் சாதாரணச் சால்வையே. போர்வை என்பதே அச்சொல்லின் பொருள். அதன் அமைப்பு மூன்று பகுதிகளைக் கொண்டது. நடுவிலே துளையில்லாத நேர்ப் பின்னலாலான ஒரு சதுரம். அதன் நாற்புறமும் அலையலையான ரேந்தையாலான நான்கு கரைகள். அவற்றைச் சுற்றி ஒடுங்கிய ஓர ரேந்தை. இப்பகுதிகளைத் தனித்தனியே பின்னிப் பின்னர் இணைக்கலாம். ஆகவே ஆறு பேர் கொண்ட குழுவுக்கு இது இயல்பாகவே பொருந்துகின்றது: நடுவுக்கு ஒருவர், கரைகளுக்கு நால்வர், ஓரத்துக்கு ஒருவர்.

கரைக்குரிய மாதிரி ‘ஓல்ட் ஷேல்’ எனப்படுவது. நான்கு வரிசைகளில் ஒரே ஒரு வரிசையில்தான் துளைகள் உள்ளன. மற்ற மூன்றும் வெறும் பின்னல். அந்த ஒரு வரிசையிலும் 18 கண்ணிகள் கொண்ட தொகுதி திரும்பத் திரும்ப வரும். முதலில் இரண்டிரண்டாக மும்முறை சேர்த்துப் பின்னவேண்டும். பின்பு ஒரு சுற்று, ஒரு கண்ணி என ஆறு முறை பின்னவேண்டும். ஈற்றில் மீண்டும் இரண்டிரண்டாக மும்முறை சேர்க்கவேண்டும். கூடியவை ஆறு, குறைந்தவை ஆறு, கணக்கு நேராகிவிடுகின்றது. சேர்த்துப் பின்னிய இடங்கள் தாழவும் துளைகளுள்ள இடங்கள் எழவும் துணி தானாகவே அலை வடிவம் கொள்ளும். இருமுறை பின்னியவருக்கு மூன்றாம் முறை தாளைப் பார்க்கவேண்டிய தேவை இராது. முதுகில் கரிநிலக் கூடையைச் சுமந்து நடந்துகொண்டே ஷெத்லாந்துப் பெண்கள் பின்னினர் என்றால், மாதிரி நினைவில் நிற்பதாக இருந்ததும் அதற்கு ஒரு காரணமாகும்.

இதற்கு மாறாக எஸ்தோனியா நாட்டின் ஹாப்சலு நகரத்துச் சால்வைகளை நோக்கலாம். அவற்றின் பூக்களுக்கிடையே சிறு மொட்டுகள் போன்ற முடிச்சுகள் உள்ளன. ஒரு கண்ணியிலிருந்து ஐந்து அல்லது ஏழு கண்ணிகளைத் தளர்வாக எழுப்பி, அடுத்த வரிசையில் அவை அனைத்தையும் ஒன்றாகப் பிடித்துப் பின்னுவதால் அம்மொட்டு உருவாகின்றது. பேரழகுடைய வேலைதான். ஆனால் ஒவ்வொரு கையின் மொட்டும் ஒவ்வோர் அளவாக இருக்கும். ஒருவரே பின்னும் சால்வைக்கு அது அணி. பலர் பின்னும் சால்வைக்கு அது குறை. எனினும் அந்நகரத்தாரிடம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. அவர்கள் ஓர ரேந்தையைத் தனியே பின்னிப் பின்னர் நடுத்துணியுடன் தைத்து இணைக்கின்றனர். நடுத்துணி ஒரு கையாலும் ஓரம் மறு கையாலும் ஆகலாம் என்பது இதனால் விளங்கும்.

மாதிரி அமைந்தபின் நூலைப் பற்றிச் சிந்திக்கவேண்டும். கம்பளி நூலுக்கு இழுபடும் தன்மை உண்டு. பின்னி முடித்தபின் நீரில் நனைத்து, விரிப்பின் மேல் இழுத்து, குண்டூசி குத்தி உலரவிட்டால், அது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். கைகளுக்கிடையே உள்ள சிறு வேறுபாடுகளை இந்த இழுப்பு மறைத்துவிடும். பருத்தி நூலுக்கு இந்தப் பெருந்தன்மை இல்லை. அது கனமானது; இழுத்த வடிவில் நெடுநாள் நில்லாது; பின்னியவரின் ஏற்றத்தாழ்வை உள்ளவாறே காட்டும். நுவரெலியாக் குளிருக்குக் கம்பளிச் சால்வை உகந்ததே. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அதைப் போர்த்துவார் அரிது. அங்கே பருத்தியில் மேசை விரிப்புப் பின்னுவதே பொருத்தம். ஆனால் அப்போது கைகளின் இறுக்கத்தை முன்கூட்டியே இன்னும் கவனமாக ஒப்பிட்டுக்கொள்ளவேண்டும்.

வேறு சில நுட்பங்களும் உள. வழுக்கும் பட்டு நூல் பழகாத கையிலிருந்து கண்ணிகளை நழுவவிடும். மயிர் அடர்ந்த நூல் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால் பிழையை அவிழ்ப்பது அரிது. கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் விளக்கொளியில் கண்ணி தெரியாது. முதியோருக்கு அது பெருந்துன்பம். பல நிறம் மாறி மாறி வரும் நூலில் கோலமே மறைந்துபோகும். வெளிர்ந்த ஒரே நிறமும், நன்கு முறுக்கிய, மிக மெல்லியதல்லாத கம்பளியுமே கூட்டுவேலைக்கு ஏற்றவை.

தெரிவு செய்த நூலில் முதலில் ஒரு பந்து மட்டும் வாங்கி, ஒவ்வொருவரும் ஒரே அளவு ஊசியால் ஒரு சோதனைத் துண்டு பின்னிப் பார்க்கவேண்டும். அத்துண்டை நனைத்து, இழுத்து, உலர்த்திய பின்னரே அளக்கவேண்டும். ஒருவருடைய துண்டில் 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணிகளும், மற்றொருவருடையதில் 22 கண்ணிகளும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். ஆனால் 180 கண்ணிகள் கொண்ட கரை, முதலாமவர் கையில் 90 சென்ரிமீற்றர் நீளமாகும். இரண்டாமவர் கையில் ஏறத்தாழ 82 சென்ரிமீற்றரே ஆகும். அரை முழத்துக்குச் சற்றே குறைந்த குறை இல்லையெனினும், ஒரு சாண் அளவில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட இக்குறையை எந்த இழுப்பாலும் செம்மையாக மறைக்க இயலாது. இதற்கு மருந்து கையைத் திருத்துவதன்று, ஊசியை மாற்றுவதே. இறுக்கமாகப் பின்னுபவர் சற்றுத் தடித்த ஊசியையும், தளர்வாகப் பின்னுபவர் சற்று மெல்லிய ஊசியையும் கொள்ளவேண்டும். எல்லோருக்கும் ஒரே ஊசி என்பது நீதிபோலத் தோன்றினும் இங்கே அது நீதியன்று.

நூலின் அளவையும் அதே துண்டைக் கொண்டே கணக்கிடலாம். 20 சென்ரிமீற்றர் சதுரமான துண்டு 6 கிராம் நிறுத்தால், ஒரு மீற்றர் சதுரமான சால்வை அதைப்போல் 25 மடங்கு. ஆகவே 150 கிராம் வேண்டும். அதன்மேல் பத்திலொரு பங்கு சேர்த்தால் 165 கிராம். ஆறு கைகளுக்குப் பிரிக்கும்போது ஒவ்வொருவரிடமும் சிறிது மிஞ்சும் என்பதால், 25 கிராம் பந்துகள் எட்டு வாங்குவது நன்று. இவ்வளவு சிறு நிறையைச் சரியாகக் காட்ட நகைக்கடைத் தராசு உதவும். எட்டுப் பந்துகளையும் ஒரே நாளில், உறையில் ஒரே சாய இலக்கம் உள்ளனவாகப் பார்த்து வாங்கவேண்டும். வேறு தடவை சாயமிட்ட நூல் கடையில் ஒன்றுபோலவே தோன்றும். துணியான பின் பட்டையாக வேறுபட்டு நிற்கும்.

வேலை தொடங்கிய பின்னும் ஒரு காப்பு உண்டு. சில வரிசைகளுக்கு ஒருமுறை, கண்ணிகள் அனைத்தினூடாகவும் வேறு நிற நூலொன்றைத் தையலூசியால் கோத்துவிடவேண்டும். பிழை நேர்ந்தால் அந்நூல் வரையில் மட்டுமே அவிழ்த்தால் போதும். அதற்கு முன் செய்த வேலை பாதுகாப்பாக இருக்கும்.

இனிப் பகுதிகளை யாருக்கு எதைக் கொடுப்பது என்பது எஞ்சியுள்ளது. தேர்ந்தவருக்கு ஓர ரேந்தை. ஓரளவு பழகியவர்களுக்குக் கரைகள். அன்றுதான் ஊசி பிடித்தவருக்கு நடுச் சதுரம். இது இரங்கிக் கொடுக்கும் பங்கு அன்று. நேர்ப் பின்னலில் இரண்டு வரிசைகள் சேர்ந்து ஒரு மேடு ஆகும். கண்ணிகள் எத்தனையோ மேடுகளும் அத்தனை என்ற அளவில் பின்னினால், துணி பெரும்பாலும் சதுரமாகவே அமையும். கையிறுக்கம் சிறிது கூடினாலும் குறைந்தாலும் வடிவம் கெடாது. கரைகளை இணைக்கும்போது ஒரு மேட்டுக்கு ஒரு கண்ணியாகக் கணக்கு நேர்படும். எண்ணத் தெரிந்தால் போதும்.

ஷெத்லாந்துப் பெண்கள் ஹாப்பை மூலைவாட்டில் மடித்துத் தோளிற் போட்டு, மார்பின் குறுக்காகக் கொண்டுசென்று முதுகுப்புறம் முடிந்துகொள்வர். அப்போது அலைக்கரையும் ஓர ரேந்தையும் பார்ப்பவர் கண்ணில் படும். முதுகோடு ஒட்டிக் கிடந்து குளிரைத் தடுப்பது துளையில்லாத அந்த நடுச் சதுரமே.