பில்டரை அணைத்தால் மூணாறு எங்கே போகும்?

மூணாறில் ஒரு தங்கும் விடுதி என்று வைத்துக்கொள்வோம். போடிமெட்டு வழியாக வருபவர்களுக்குத் தமிழ், கொச்சியிலிருந்து ஏறி வருபவர்களுக்கு மலையாளம், மற்றவர்களுக்கு ஆங்கிலம் என்று மூன்று மொழியில் அதற்கு ஓர் இணையதளம். வேர்ட்பிரஸில் கட்டியது. உலக இணையதளங்களில் பத்துக்கு நான்கு அதில்தான் ஓடுகின்றன. மேலே எலிமென்டர் என்ற பேஜ் பில்டர்: படம், தலைப்பு, பொத்தானை இழுத்துப் போட்டுப் பக்கம் அமைக்க உதவும் கூடுதல் மென்பொருள்.

எழுதியதெல்லாம் எங்கே சேமிக்கப்படுகிறது? எலிமென்டர் பக்கம் முழுவதையும் ஒரே நீளக் குறியீட்டுச் சரமாகத் தரவுத்தளத்தில் தனியிடத்தில் வைக்கிறது. 'மூணாறு' நமக்கு 3 எழுத்து. கணினிக்கு 6 துண்டு, ஏனென்றால் ம வேறு, அதன் ஊகாரக் குறி வேறு. யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் துண்டுக்கு 3 பைட், மொத்தம் 18. எலிமென்டரின் சரத்திலோ ம இருக்கும் இடத்தில் 'பின்சாய்கோடு, யூ, 0, பி, ஏ, ஈ' என்று ஆறு குறிகள். 18 பைட் 36 ஆகிவிடும்! தரவுத்தளத்தைத் திறந்து அந்தச் சரத்தில் மூணாறைத் தேடினால் கிடைக்காது.

பார்வையாளரின் போனுக்கு இந்தச் சரம் போவதில்லை. சர்வரே அவிழ்த்து அனுப்பும். ஆனால் கூடவே பெட்டிக்குள் பெட்டியாக அடுக்குகளும், பில்டரின் சொந்த அலங்காரக் கோப்புகளும் போகும். மலை வளைவில் சிக்னல் ஒரு கோடாக இறங்கும்போது இந்தச் சுமை தெரியும்.

பில்டரை அணைத்தால்? எலிமென்டர் வெறும் எழுத்தையாவது விட்டுவைக்கும், வடிவம் கலைந்துவிடும். டபிள்யூபி பேக்கரி போன்றவை சதுர அடைப்புக்குறிகளுக்குள் தம் ரகசியக் கட்டளைகளை அப்படியே பக்கத்தில் கொட்டிவிட்டுப் போகும்.

2018 டிசம்பர் 6-ல் வந்த வேர்ட்பிரஸ் 5.0 வேறு வழி காட்டியது. பத்தி, படம், பட்டியல் ஒவ்வொன்றும் ஒரு பிளாக், அதாவது தனித்தனியே நகர்த்தக்கூடிய கட்டம். திட்டத்தின் பெயர் குட்டன்பெர்க்.

இதன் சூட்சுமம் மிக எளியது. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில், பிரவுசர் கண்டும் காணாமல் விட்டுவிடும் குறிப்புரை என்று ஒன்று உண்டு. மளிகைப் பொட்டலத்தில் ஒட்டிய சீட்டு மாதிரி, 'இங்கே பத்தி தொடங்குகிறது', 'இங்கே முடிகிறது' என்று அதில் எழுதிவிடுகிறார்கள். எடிட்டர் படிக்கும், பிரவுசர் தாண்டிப் போகும். நடுவில் மூணாறு மூணாறாகவே இருக்கும். நாளை எடிட்டரே மாறினாலும் எழுத்து பக்கத்தில் நிற்கும்.

சில பிளாக்குகளுக்கு உள்ளடக்கமே இல்லை. 'அண்மைப் பதிவுகள்' என்ற பிளாக் சேமிப்பது ஒரே ஒரு சீட்டு. பக்கத்தை உருவாக்கும்போதெல்லாம் சர்வர் பட்டியலைப் புதிதாகச் சமைத்துக் கொடுக்கும். இன்னொரு கில்லாடித்தனமும் உண்டு. பக்கத்தைத் திருத்தத் திறக்கும்போது, ஒவ்வொரு பிளாக்கும் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எடிட்டர் தானே மறுபடி எழுதிப் பார்த்து, சேமித்ததோடு ஒப்பிடும். யாராவது நிரலில் கைவைத்து ஒரு குறியை விழுங்கியிருந்தால், 'இந்த பிளாக்கில் ஏதோ கோளாறு' என்று அங்கேயே மடக்கும்.

பில்டரிலிருந்து பிளாக்குக்கு மாற மந்திரப் பொத்தான் எதுவும் இல்லை. பெரும்பாலும் பக்கம் பக்கமாகக் கையால்தான் கட்ட வேண்டும். 10 பக்க விடுதித் தளத்துக்கு அது தகும். மாதாமாதம் விளம்பரப் பக்கம் மாற்றும் பெரிய நிறுவனத்துக்கு பில்டரே வசதி என்பேன்.

மாறுவதாக இருந்தால் முதலில் முழு பேக்கப் எடுங்கள். தளத்தின் நகல் ஒன்றில் பில்டரை அணைத்து, எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். பக்க முகவரிகளை மட்டும் மாற்றாதீர்கள். கூகுளுக்கு உங்கள் விடுதியைத் தெரிந்திருப்பது அவற்றால்தான்.