வளவும் முதுமையும்

கிழக்கிலங்கைப் பேச்சு வழக்கிலே 'வளவு' என்னும் சொல் பொருட்செறிவு மிக்கது. வீடும் கிணறும், தென்னையும் முருங்கையும், வேலியோரத்துக் கீரையும், அவற்றிடையே வாழும் மூன்று தலைமுறை மக்களும் சேர்ந்ததே வளவு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்களில் முதியோர்க்கு வீடு அமைப்பதைப் பற்றிச் சிந்திக்கப் புகுவோர் இச்சொல்லிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது நம் கருத்து.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேற்பட்டோர் 60 வயதை எட்டியவர்கள். அவ்விகிதம் அதன் பின்னரும் உயர்ந்தே வந்துள்ளது. ஆகவே இது எல்லோர் வீட்டு வாயிலிலும் வந்து நிற்கும் வினாவாகும்.

சீதன வீடும் பெற்றோரும்

இக்கரையோரத்தில் பெண்மக்கள் வீட்டைச் சீதனமாகப் பெறுதல் நெடுங்கால வழக்கம். மணமகன் மணமகள் வீட்டுக்கு வந்து வாழ்வான். மூத்த மகளிடம் இல்லத்தை ஒப்படைத்த வாப்பாவும் உம்மாவும் அதே வளவிலோ அடுத்த வளவிலோ வேறொரு வீடு கட்டி, எஞ்சிய மக்களுடன் குடிபுகுவர். இவ்வழக்கமும் தாய்வழிக் 'குடி' முறையும் இங்குள்ள தமிழ் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை. அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தமது நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார்.

இம்முறையின் அருமை யாது? மூத்தம்மா மகளின் குசினிக்குக் கூப்பிடு தூரத்தில் முதுமை அடைகிறார். காலையில் கறிவேப்பிலைக்கு நீர் வார்க்கிறார். கொச்சிக்காய் பறித்துக் கொடுக்கிறார். பேரப்பிள்ளைக்குக் கதை சொல்கிறார். அவர் பிறர்க்குப் பாரமல்லர். வளவை நடத்துவோருள் அவரும் ஒருவர். எந்த ஓவியனும் வரைந்து தராத முதியோர் வீட்டுத் திட்டம் இது!

ஆயினும் கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, இடைப்பட்ட மணற்றிடலில் இவ்வூர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. மகளுக்கொரு வீடு எழும்போதெல்லாம் தோட்டத்தில் ஒரு துண்டு மறைகிறது. முதலில் போவது முருங்கை; கடைசியில் போவது மூத்தவாப்பாவின் திண்ணை.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என அரசு முதலில் விதித்தது. காணியற்ற கல்முனைப் பகுதியில் தொடர்மாடிகள் எழுந்தன. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் கட்டப்பட்ட 500 வீடுகளோ, 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்துப் பல்லாண்டு ஒப்படைக்கப்படாமற் கிடந்தன.

கூரை கிடைத்தோர் நன்றி பாராட்டவே செய்வர். ஆனால் மாடிப்படி ஏற முழங்கால் மறுக்கும் முதியவருக்கு அங்கு மண் ஏது? கிணற்றடி ஏது? இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெண்வழி வந்த வீட்டுரிமைக்கு மாறாக, நன்கொடை வீடுகள் குடும்பத் தலைவரென ஆடவர் பெயரில் எழுதப்படும் போக்கை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். மகளின் உரிமை தளர்ந்தால், அவளருகே வாழும் பெற்றோரின் நிழலும் தளரும் அன்றோ?

மண்ணும் நீரும்

தோட்டம் என்றதும் மணலில் என்ன விளையும் என்று கேட்பர். கரையோர மணலுக்கடியில் மழைநீர் ஒரு வில்லைபோல் உப்புநீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புநீர் மேலெழும். ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகளை இடைவிடாது இறைத்தமை சிலவிடங்களில் தீங்கே செய்தது. மாரி மழையே அவற்றைப் படிப்படியாக நன்னீராக்கியது. எனவே கூரைநீரை நிலத்துக்குள் இறக்குதலும், மலக்குழியைக் கிணற்றுக்குக் குறைந்தது 50 அடியாவது விலக்கி வைத்தலும் முதற்கடமை. குளிக்கும் நீரை வாழைக்குப் பாய்ச்சலாம். சாணமும் இலைதழையும் பொச்சுமட்டையும் இட்டால் மணலும் ஈரம் காக்கும். தென்னை, முருங்கை, பசளி, வெண்டி, பயிற்றை, கத்தரி ஆகியன அங்கு நன்கு வளரும்.

எத்தகைய வீடு?

ஊருக்கு வெளியே தனித்த இல்லம் வேண்டா. பிள்ளைகள் வாழும் வட்டாரத்துக்குள்ளேயே, பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் தூரத்தில், ஆறு அல்லது எட்டுச் சிறு வீடுகள் ஒரு பொதுத் தோட்டத்தைச் சூழ அமையட்டும். யாவும் நிலமட்டத்தில், படியின்றி, தோட்டத்தை நோக்கிய திண்ணையுடன் இருத்தல் வேண்டும். குனிய இயலாதவர்க்காகச் சில பாத்திகளை இரண்டடி உயரத்தில் கட்டலாம். சக்கர நாற்காலி செல்ல நான்கடி அகலப் பாதை போதும். ஆளுக்கொரு பாத்தி சொந்தமாகவும், கிணறும் மரங்களும் பொதுவாகவும் இருப்பின் பூசல் குறையும்; பேச்சுத் துணை பெருகும்.

இது வெறுங் கனவன்று. சிங்கப்பூரில் 2018இல் திறக்கப்பட்ட 'கம்போங் அட்மிரல்டி' என்னும் கட்டடத்தில் முதியோர்க்கென 104 வீடுகளும், மருத்துவ நிலையமும், குழந்தைகள் காப்பகமும், குடியிருப்போர் கூடிப் பயிரிடும் மாடித் தோட்டமும் ஒருங்கே உள்ளன. இன்னும் 1984இல் றொஜர் உல்றிச் என்னும் அறிஞர், சன்னலில் மரங்களைக் கண்ட நோயாளர் செங்கற்சுவரைக் கண்டவரினும் விரைவில் வீடு திரும்பினர் என ஓர் ஆய்வால் காட்டினார். பார்ப்பதற்கே இப்பயன் எனின், கையால் நட்டு நீர் வார்ப்பதற்கு எத்துணைப் பயன் இருத்தல் கூடும்!

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மேல் வைத்துள்ளது. சட்டம் சோறு பெற்றுத் தரலாம். பயனுள்ளவராய் வாழும் பெருமையைத் தரவல்லது நல்ல வளவே. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் வக்புக் காணியில் ஒரு துண்டை இதற்கென ஒதுக்குவது பற்றி எண்ணலாம். மரம் நடுதலும் சதக்காவே என முஸ்லிம் சகோதரர் கூறுவதை நாம் அறிவோம்.

மாணாக்கர்க்கு ஒரு சொல்: வரும் விடுமுறையில் உங்கள் மூத்தம்மாவையோ அம்மம்மாவையோ அமரச் செய்து, அவர் இளமையில் இருந்த வளவில் எங்கே எம்மரம் நின்றது எனக் கேட்டு ஒரு படம் வரையுங்கள். நாளை வீடு கட்டும் பொறியியலாளர்க்கு அதனிலும் சிறந்த வரைபடம் கிடைத்தல் அரிது.