எரியும் பனிக்கட்டி

பனிக்கட்டி என்றதும் மதுரைவாசிகளுக்கு நினைவுக்கு வருவது ஜிகர்தண்டாதான். ஆகவே, தீப்பற்றி எரியும் பனிக்கட்டி ஒன்று உண்டென்று நாம் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்ததில் வியப்பில்லை. ஒரு பையன் மட்டும் எழுந்து, "அதை வைத்தே அடுப்பு எரிக்கலாமே, ஸார்?" என்று கேட்டான். கேள்வி சிறியது, விடை அத்தனை சுலபமன்று.

ஆழ்கடலின் அடியில், குளிரும் அழுத்தமும் மிகுந்த வண்டலில், ஜலம் கூண்டுபோல் உறைந்து மீதேன் வாயுவைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறது. பார்வைக்கு வெண்பனி, தீக்குச்சியைக் காட்டினால் சுடர்விட்டு எரியும். ஒரு படி கட்டிக்குள் சுமார் 160 படி வாயு அடங்கியிருக்கும். (நம் வீட்டு சிலிண்டரில் உள்ளது வேறு சரக்கு, குழாய் வழியே பட்டணங்களுக்கு வருவதே மீதேன்.)

உக்கிரகுமார பாண்டியன் வேல் எறிந்து கடலை வற்றச் செய்தான் என்பது மதுரைப் புராணம். 2006-ம் ஆண்டில் நம் தேசத்தார் எறிந்த வேல் ஒரு துளைக்கருவி. 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' என்னும் கப்பல் 113 நாட்கள் நமது கடல்களில் சுற்றி, 21 இடங்களில் துளையிட்டது. கிருஷ்ணா, கோதாவரி நதிகளின் முகத்துவாரங்களுக்கு அப்பால், ஆயிரம் மீட்டர் நீருக்குக் கீழே, ஏறக்குறைய 130 மீட்டர் கனமுள்ள படிவம் அகப்பட்டது!

ஆனால் அது களிமண்ணின் வெடிப்புகளில் அல்லவா புகுந்து கிடந்தது? வைகை மணலில் ஊற்றுத் தோண்டினால் நீர் சுரந்து வரும். திருமங்கலத்துக் கரிசலில் தோண்டிப் பாருங்கள், ஈரம் இருந்தும் சுரக்காது. வாயுவின் கதையும் அதுதான். எனவே 2015-ல் 'சிக்யூ' என்னும் ஜப்பானியக் கப்பலில் மறுபடியும் புறப்பட்டார்கள். இம்முறை மணற்படுகைகளிலேயே அந்தப் பனி கிடைத்தது.

வெளியே எடுப்பது எப்படி? கோலி சோடாவில் கோலியை அழுத்தியதும் வாயு சீறி வருகிறதே, அந்தத் தத்துவந்தான். கிணற்றிலிருந்து நீரை இறைத்தால் அழுத்தம் குறைகிறது, கூண்டு உடைகிறது, வாயு விடுபடுகிறது. ஜப்பானியர் 2013-ல் இவ்விதம் ஆறு நாள் வாயு எடுத்தார்கள். பிறகு மணல் புகுந்து வேலையை நிறுத்திவிட்டது. சீனர் 2020-ல் ஒரு மாத காலம் எடுத்துக் காட்டினார்கள். எனினும் இன்றுவரை எந்த நாடும் இதை வைத்து வியாபாரம் நடத்தவில்லை.

நமது தேசம் தனக்கு வேண்டிய இயற்கை வாயுவில் ஏறக்குறைய பாதியை அயல்நாடுகளிலிருந்து விலைக்கு வாங்குகிறது. ஆகையால் ஆசை எழுவது இயல்பே. ஆயினும் கடலடியில் கிடப்பதைக் களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டதாகக் கணக்கெழுதுவதை நாம் ஒப்பமாட்டோம். வண்டலை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்தப் பனிதான். அது கரைந்தால் கடற்சரிவு நழுவக் கூடும். எரியாமல் தப்பிய மீதேனோ, கரியமில வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு பூமியைச் சூடாக்கும். கேட்டைக் கடலோரத்து வலைஞர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் இங்கே காப்பி போட்டுக் குடிப்பது நியாயமாகாது.

"முதலில் மணலைத் தடுக்க வழி சொல்" என்று அந்தப் பையனிடம் சொன்னோம். மறுநாள் குழாயின் வாயில் சல்லடை கட்டிய படம் ஒன்றை வரைந்து வந்தான். ஜப்பானியர் கிணற்றிலும் சல்லடை இருந்ததென்று சொன்னோம். படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.