குழந்தையின் கையில் ஒரு கருவி

வகுப்பறைக்குள் ஒரு புதிய கருவி வந்துவிட்டால் கல்வியும் புதியதாகிவிடும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். கருவியை வாங்குவது எளிது. அதனை எவர் கையில் கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது என்று அறிவதுதான் அரிது. அந்த அரிய பாடத்தை நானே காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்டவன். ஆகையால் என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னையின் தென்பகுதியை வெள்ளம் சூழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் அடையாற்று நீர் வீடுகளுக்குள் புகுந்தது. அப்போது நான் அப்பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியன். வெள்ளம் வடிந்து பள்ளி திறந்தபின், ஏழாம் வகுப்பில் நீர்ச்சுழற்சி பற்றிய பாடம் நடத்தவேண்டியிருந்தது. அன்பர் ஒருவர் பள்ளிக்கு அளித்திருந்த புரொஜெக்டரைக் கொண்டு, சன்னல்களை மூடி, ஒரு திரைப்படம் காட்டினேன். கடல்நீர் ஆவியாயிற்று, மேகமாயிற்று, மழையாய்ப் பொழிந்தது, ஆறாய் ஓடி மீண்டும் கடலை அடைந்தது. பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். இவ்வளவு நன்றாக ஒரு பாடத்தை நான் நடத்தியதேயில்லை என்று எனக்குள் பெருமிதம் கொண்டேன்.

விளக்கைப் போட்டதும் ஒரு சிறுமி எழுந்தாள். “ஐயா, படத்தில் ஆறு நேராகக் கடலுக்குப் போய்விடுகிறது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் ஏன் வந்தது?” என்று கேட்டாள்.

நான் விடை சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேள்விக்கு என் படத்தில் இடமே இல்லை என்பது என்னைச் சுட்டது. பிள்ளைகள் அமைதியாக இருந்ததைக் கற்றலென்று மயங்கினேன். சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் இருந்த இடத்தில் ஒளித்திரை வந்து நின்றதே தவிர, பேசுபவன் நான், கேட்பவர் அவர்கள் என்னும் நிலை இம்மியும் மாறவில்லை.

மறுநாள் அவள் கேள்வியையே பாடமாக்கினோம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுச் சுவரில் நீர்க்கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று நூலால் அளந்து, அந்த நூலைக் கொண்டுவரவேண்டும் என்றேன். என் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஐந்தைந்து பேராகப் பார்க்கச் செய்தேன். அதைத் திறக்கும் வழியை எனக்குக் கற்பித்தவன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்பதைச் சொல்ல எனக்கு நாணமில்லை. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளையும், அப்பக்கத்து நீர் ஆற்றில் வந்து சேர்வதையும், ஆற்றங்கரை வரையில் வீடுகள் நெருங்கி நிற்பதையும் பிள்ளைகள் தாமே கண்டு சொன்னார்கள்.

அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுப் பையன்கள் இருவர். ஒருவனுடைய நூல் மற்றவனுடையதைவிட ஒரு முழம் நீளம். “நீ தவறாக அளந்தாய்” என்று ஒருவரையொருவர் குறை கூறினர். காரணத்தைச் சொல்லிவிட என் நாக்குத் துடித்தது; அடக்கிக்கொண்டேன். இருவரும் மறுபடி போய்ப் பார்த்து வந்தார்கள். “ஐயா, அளவு சரிதான். அவன் வீட்டுத் தளம் உயரம். வீட்டுக்குள்ளிருந்து அளக்கக் கூடாது, தெருவிலிருந்து அளக்கவேண்டும்” என்றார்கள். வகுப்பு முழுவதும் மீண்டும் அளந்தது. தெருவிலிருந்து அளந்தபோது அவ்விருவர் நூலும் ஏறக்குறைய ஒன்றாயின. ஆற்றை நெருங்க நெருங்க மற்றவர் நூல்களும் நீண்டன. சிறுமியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னவன் நான் அல்லன்.

இதே அடையாறு திருநீர்மலை, அனகாபுத்தூர்ப் பக்கமாகச் சென்று, விமான நிலையத்து ஓடுபாதை ஒன்றின் அடியிற் புகுந்து, கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரையில் பிரம்மஞான சபையின் தோட்டம் இருக்கிறது. அங்கேதான் 1939ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரி வந்து தங்கி, நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் அமைத்த கருவிகளுள் ஒன்று, பத்துக் குழிகளுள்ள மரக்கட்டை. அக்குழிகளில் பொருந்தும் பத்து உருளைகளைக் குழந்தை எடுத்து எடுத்து வைக்கும். ஒன்றைத் தவறான குழியில் வைத்துவிட்டால், இறுதியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சும். “தவறு” என்று எவரும் சொல்லவேண்டுவதில்லை, கட்டையே சொல்லிவிடுகிறது. குழந்தை நாணமடையாமல் மீண்டும் முயல்கிறது. ஆசிரியர் அருகில் அமர்ந்து நோக்குகிறார். என் மாணவர்களின் நூல்களும் அந்த உருளைகளைப் போன்றவையே என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

இக்கருத்து நம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கும் வந்தது. 2003ஆம் ஆண்டு, திரு. எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, பதின்மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ஆந்திர மாநிலத்து ரிஷிவேலியில் நடந்துவந்த முறையைக் கண்டு அமைத்தது அது. 2007ஆம் ஆண்டு தொடங்கிய கல்வியாண்டில் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவிற்று. பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. சுவரில் ஏணி வரைந்த தாள் தொங்கிற்று. தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்து எந்த அட்டையை எடுக்கவேண்டும் என்று குழந்தையே பார்த்துக்கொண்டது. கரும்பலகை குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தவை தொங்கின. நாற்காலியை விட்டு ஆசிரியர் பாயில் அமர்ந்தார். மின்சாரமே வேண்டாத தொழில்நுட்பம் அது! அட்டைகளை அடுக்கி எடுப்பதே கல்வி என்று சில இடங்களில் சடங்காய் முடிந்ததும் உண்டு. எனினும், வகுப்பின் நடுவிடம் குழந்தைக்குரியது என்பதை அது ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குக் கண்முன் காட்டிற்று.

பிறகு மின்கருவிகள் விரைந்து வந்தன. 2018இல் வெளியான புதிய பாடநூல்களில் கைப்பேசி படிக்கும் கியூ.ஆர். குறிகள் இடம் பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. இப்போது தொடக்கப் பள்ளிகளிலும் திறன்பலகைகள் தோன்றியிருக்கின்றன. இவை யாவும் நல்லவையே. ஆயினும் ஓர் அச்சம் எனக்கு உண்டு. குழந்தையின் உயரத்துக்கு இறங்கிவந்த கரும்பலகை, திறன்பலகையாகி மறுபடியும் மேலே ஏறிவிடலாகாது. நாற்பது பிள்ளைகள் ஒரு திரையை அண்ணாந்து பார்த்திருந்தால், நாம் பழைய வகுப்பறைக்கே திரும்பிவிட்டோம் என்று பொருள்.

கருவி கைக்கு எட்டாதபோது நேர்வதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. பள்ளிகள் மூடிக்கிடந்த அந்நாளில் பாடம் கைப்பேசியில் வந்தது. பல வீடுகளில் இருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விட்டது. இரவு அவர் திரும்பும்வரை பிள்ளைக்குப் பள்ளியில்லை. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பரில் திறந்தபோது, எழுத்தையே மறந்த குழந்தைகளைக் கண்டு நாம் கலங்கினோம். அவர்களை மீட்க ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தெருத்தோறும் தன்னார்வலர் சென்று அமரவேண்டியதாயிற்று.

இளைய ஆசிரியர்களுக்கு என் பட்டறிவிலிருந்து சில சொல்வேன். படத்தைக் காட்டுமுன், “என்ன நிகழும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டு, விடையை எழுதச் சொல்லுங்கள். பிறகு காட்டினால், குழந்தை தன் எண்ணத்தோடு படத்தை ஒப்பிட்டுப் பார்க்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்துங்கள். கைப்பேசி ஒன்றே என்றால் ஐவருக்கு ஒரு முறை வகுத்து, கூச்சமுள்ள பிள்ளையின் கையில் முதலிற் கொடுங்கள். துடுக்கானவன் எப்படியும் எட்டிப் பார்த்துவிடுவான். கருவி பற்றி உங்களுக்குத் தெரியாததை மாணவரிடம் கேட்க அஞ்சாதீர்கள். நம் மதிப்பு அதனாற் குறையாது. கற்பவரே கற்பிக்க வல்லவர் என்பதை அவர்கள் காண்பார்கள். மின்சாரம் நின்றாலும் பாடம் நிற்காதபடி ஒரு நூலையோ கோலையோ ஆயத்தமாக வைத்திருங்கள்.

எல்லாவற்றினும் மேலாக, கருவி மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை ஓய்வாகக் கொள்ளாதீர்கள். மற்றப் பிள்ளைகள் தாமே முன்னேறும் அந்தப் பத்து நிமிடத்தில், பின்தங்கிய ஒரு குழந்தையின் அருகே போய் அமருங்கள். எந்த இயந்திரமும் அவ்விடத்தில் அமர முடியாது. வகுப்பு முடிந்து மணி அடித்தபின், “இன்று நான் எதைக் காட்டினேன்?” என்று உங்களை வினவாமல், “இன்று குழந்தை எதைச் செய்தது?” என்று வினவிக்கொள்ளுங்கள். அவ்வினாவுக்கு விடை இருக்குமானால், உங்கள் கையில் உள்ள கருவி புதியதாயினும் பழையதாயினும், அது தன் வேலையைச் செய்துவிட்டது.